வரிசையும் உருபும்

எங்கள் தமிழ்த்துறைக் கணினியில் 'பாட்டு' என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்து மாலை ஒன்றில் ஒரே ஒரு வரியைத் தட்டச்சு செய்து அதை நாங்களே அழித்தோம். அழித்துவிட்டோம் என்பதை உணரச் சில நிமிடங்கள் ஆயின. கணினி எச்சரிக்கவில்லை, தயங்கவும் இல்லை. 'முடிந்தது' என்று மட்டும் திரையில் எழுதிக் காட்டியது.

அந்த வரியை யாருடைய விரல்கள் தட்டின என்பதை இங்கே எழுதப்போவதில்லை. துறையில் நாங்கள் இருவர் அப்பணியைச் செய்துவந்தோம். ஒருவர் படிக்க மற்றவர் தட்டச்சு செய்வார். கை ஓய்ந்ததும் மாறிக்கொள்வோம். ஆகவே கட்டுரை முழுவதும் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். இலக்கணம் இதைத் தன்மைப் பன்மை என்று சொல்லும்; எங்கள் வரையில் குற்றத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பன்மை.

கரிசல் நிலத்துச் சிற்றூர் ஒன்றில் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரிடமிருந்து எங்கள் முதுகலை மாணவர்கள் ஒப்பாரிப் பாடல்களைச் சேகரித்தார்கள். 2017இல் தொடங்கி ஓராண்டுக்கு மேல் அந்த ஊருக்குப் போய்வந்தோம். பாடல்களைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தோம். பாடி முடித்தபின் சொல்லுக்குச் சொல் விளக்கம் கேட்போம். அப்போது பெரும்பாலும் பதிவை நிறுத்திவிட்டிருப்போம். குறிப்பேட்டில் கிறுக்கிக்கொண்டு, அன்றிரவே கோப்பில் ஏற்றிவிடுவோம். ஏற்றியபின் அந்தத் தாள்கள் என்ன ஆயின என்று கவலைப்பட்டதில்லை.

'குலுக்கை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தானியம் சேமிக்கும் மண்கூடு என்று அகராதி பொருள் சொல்லும். பாட்டி சொன்னது அதற்கு மேல் ஒரு படி. ஒப்பாரியில் குலுக்கை வந்தால் அது தாய்வீடு. குலுக்கையின் அடித்தூர் தெரிந்தது என்று பாடினால், இனி அந்த வீட்டிற்குள் உரிமையோடு நுழைய முடியாது என்று மகள் அழுகிறாள். இவ்வாறு 140 சொற்களுக்கு அவர் விளக்கம் சொல்லியிருந்தார். 2018ஆம் ஆண்டின் இறுதியில் அவர் காலமானார். அவருடைய ஒப்பாரிகளில் ஒன்றைக்கூட அந்த வீட்டு வாசலில் அன்று யாரும் பாடவில்லை.

பாடல்களுக்கு ஒரு சொல்லடைவு வேண்டும் என்று விரும்பினோம். எந்தச் சொல் எந்தப் பாட்டின் எத்தனையாவது அடியில் வருகிறது என்று அகரவரிசையில் காட்டும் பட்டியல் அது. முந்தைய தலைமுறை ஆசிரியர்கள் அட்டைகளில் எழுதி அடுக்கிச் செய்த வேலை. கணினி அறிவியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த இளம் விரிவுரையாளர் ஒருவர், இதே கல்லூரியில் எங்களிடம் முதற்பகுதித் தமிழ் படித்தவர், "ஒரு சின்ன நிரல் போதும் ஐயா, ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதித் தருகிறேன்" என்றார். சி மொழியில் எழுதித் தந்தார்.

சி மொழி எங்களுக்கு முற்றிலும் புதியதன்று. முதுகலை படித்த நாட்களில் வேலை கிடைக்க உதவும் என்று மாலைநேரச் சான்றிதழ் வகுப்பொன்றில் இருவரும் சேர்ந்திருந்தோம். டர்போ சியின் நீலத் திரையில் இரண்டு எண்களைக் கூட்டினோம். நட்சத்திரக் குறிகளால் முக்கோணம் வரைந்தோம். எல்லா நிரல்களும் 'மெயின்' என்ற செயற்கூற்றில் தொடங்கின. அதன் அருகே இருந்த அடைப்புக்குறிகள் எப்போதும் காலியாகவே இருந்தன. ஏன் காலியாக இருக்கின்றன என்று நாங்கள் கேட்கவில்லை, ஆசிரியரும் சொல்லவில்லை. இளைஞர் தந்த நிரலில் அந்த அடைப்புக்குறிகளுக்குள் இரண்டு பெயர்கள் இருந்தன: ஆர்க்சி, ஆர்க்வி.

அவர் விளக்கியதை எங்களுக்குப் புரிந்த தமிழில் சொல்கிறோம். நிரலை இயக்குவதற்கு அதன் பெயரைக் கட்டளைவரியில் எழுதுகிறோம். பெயரை அடுத்து வேறு சொற்களையும் எழுதலாம். கட்டளையை வாங்கும் 'ஷெல்' என்னும் மென்பொருள் அவ்வரியை இடைவெளி கண்ட இடங்களில் பதம் பிரிக்கிறது. பிரித்த சொற்களை வரிசையாக அடுக்கி, மெயினிடம் ஒப்படைக்க வழிசெய்கிறது. எத்தனை சொற்கள் என்ற எண்ணிக்கை ஆர்க்சி. சொற்களின் வரிசை ஆர்க்வி. வரிசையின் பூச்சியமாம் இடத்தில் நிரலின் பெயரே இருக்கும். ஆகவே பெயருக்குப்பின் இரண்டு சொற்கள் எழுதினால் ஆர்க்சியின் மதிப்பு 3. வரிசை முடிந்தது என்பதற்கு அடையாளமாக, கடைசிச் சொல்லுக்கு அடுத்த இடத்தில் எதையும் சுட்டாத ஒரு வெற்றுச்சுட்டு நிற்கும்.

கோப்பின் பெயருக்குள் இடைவெளி இருந்தால் அது இரண்டு சொற்களாகப் பிரிந்துபோகும். பிரியக் கூடாதென்றால் மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். எண்ணைக் கொடுத்தாலும் எழுத்தாகவே வந்து சேரும். அதை எண்ணாக மாற்றுவது நிரலின் பொறுப்பு. தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால், இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 குறியீட்டில் 'அம்மா' என்ற மூன்றெழுத்து 15 பைட்டுகளாக வந்து நிற்கும். புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு.

தமிழ்வழிக் கணினிப் பாடநூல்கள் இந்த 'ஆர்க்யுமென்ட்' என்பதைச் 'செயலுருபு' என்று தமிழாக்கியிருக்கின்றன. 'அர்ரே' என்பது அணி. 'பாயின்டர்' என்பது சுட்டு. அணியும் சுட்டும் உருபும் எங்கள் வீட்டுச் சொற்கள். வேற்றூரில் உறவினரைச் சந்தித்த மகிழ்ச்சியில், அவர்கள் அங்கே என்ன வேலை பார்க்கிறார்கள் என்று விசாரிக்க மறந்தோம்.

சி மொழியை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் டென்னிஸ் ரிட்சி. அவரும் பிரையன் கெர்னிகனும் சேர்ந்து எழுதிய நூல் 1978இலும், அதன் இரண்டாம் பதிப்பு 1988இலும் வெளிவந்தன. அணிகளையும் சுட்டுகளையும் பேசும் ஐந்தாம் இயலில் கட்டளைவரிச் செயலுருபுகள் வருகின்றன. முதல் எடுத்துக்காட்டு 'எக்கோ' என்னும் நிரல்: தனக்குக் கொடுத்த சொற்களை அப்படியே திருப்பிச் சொல்வது. சொன்னதைச் சொல்லும் கிளி யாருக்கும் தீங்கு செய்யாது. எங்கள் நிரல் கோப்பைத் திறந்து எழுதக்கூடியது.

இளைஞர் செய்த ஏற்பாடு இது: முதல் சொல், விளைவை எழுதவேண்டிய கோப்பு, அதன்பின் வரும் சொற்கள் எல்லாம் படிக்கவேண்டிய கோப்புகள். காரணம் நியாயமானதே. விளைவு ஒன்றுதான், மூலமோ ஒன்றாகவும் இருக்கலாம், நாற்பதாகவும் இருக்கலாம். ஒன்றை முன்னால் நிறுத்திவிட்டால் மிச்சத்தை எண்ணிக்கொள்வது எளிது. எங்களிடம் அதைச் சொல்லியும் இருந்தார்.

நாங்களோ அன்றாடம் கோப்புகளைப் படியெடுக்கும் கட்டளைக்குப் பழகியிருந்தோம். அதில் மூலம் முன்னால், படி பின்னால். அன்று மாலை கைப்பழக்கத்தில் நிரலின் பெயரை எழுதி, பிறகு 'பாட்டு' என்று எழுதி, அதன்பின் 'அடைவு' என்று எழுதினோம். முந்தைய வாரம் செய்த அரைகுறைப் பட்டியல் 'அடைவு' என்ற பெயரில் அங்கேயே இருந்தது. நிரல் 'பாட்டு' கோப்பை எழுதுவதற்காகத் திறந்தது. சி மொழியில் எழுதும் முறையில் ஒரு கோப்பைத் திறந்தால், ஓர் எழுத்து எழுதுவதற்கு முன்பே அதன் பழைய உள்ளடக்கம் முழுவதும் துடைக்கப்பட்டுவிடும். பிறகு அந்த அரைகுறைப் பட்டியலைப் படித்து, பட்டியலுக்கு ஒரு பட்டியல் தயாரித்து, 'பாட்டு' கோப்பில் எழுதிவைத்தது. முடிந்தது என்றது.

கோப்பின் படி ஒன்று பென்டிரைவில் இருந்தது. அது விளக்கங்களை ஏற்றத் தொடங்குவதற்கு முன்பு எடுத்தது. பாடல்களும் பாதியளவே இருந்தன.

அன்றிரவு இளைஞரைத் தொலைபேசியில் அழைத்தோம். சொல்லத் தகாத சொல் எதையும் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் சொன்னோம். "உங்கள் நிரல் கோப்பைத் தின்றுவிட்டது தம்பி" என்றோம். 'உங்கள்' என்ற அந்த ஒரு சொல்லில் எங்கள் பங்கு முழுவதையும் அவர் தோளுக்கு மாற்றினோம். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "தப்பு என்மேல்தான் ஐயா. எத்தனை சொல் வந்திருக்கிறது என்றுகூட நான் சரிபார்க்கவில்லை" என்றார்.

மறுநாள் அந்த நிரலைத் தாளில் அச்சிட்டு, செய்யுளுக்கு உரை காண்பதுபோல் மூவரும் வரிவரியாகப் படித்தோம். அப்போதுதான் ஓர் உண்மை தெரிந்தது. எண்ணிக்கையைச் சரிபார்த்திருந்தாலும் கோப்பு பிழைத்திருக்காது. நாங்கள் எழுதியவை நிரலின் பெயரோடு சேர்த்து மூன்று சொற்கள். நிரல் எதிர்பார்த்ததும் குறைந்தது மூன்று. எண்ணிக்கை சரி. இரண்டும் உள்ள கோப்புகள். எழுத்துப்பிழை இல்லை. தவறியது ஒன்றே: எது எந்த வேற்றுமையில் நிற்கிறது என்பதை நிரல் இடத்தைப் பார்த்து முடிவுசெய்தது; நாங்கள் வேறோர் இடத்தை மனத்தில் வைத்திருந்தோம்.

இதைத் தமிழாசிரியர்கள் கண்டுபிடிக்க ஒரு கோப்பை இழக்க வேண்டியிருந்தது என்பது வெட்கத்திற்குரியது. ஆண்டுதோறும் வகுப்பில் இதைத்தானே நடத்துகிறோம்? 'மாணவன் ஆசிரியரை அழைத்தான்' என்றாலும் 'ஆசிரியரை மாணவன் அழைத்தான்' என்றாலும் அழைத்தவன் மாணவன்தான். 'ஐ' உருபு தன் பெயரை விட்டு நகராததால் சொற்கள் இடம் மாறலாம். ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் இடமே செய்கிறது. இரண்டு பெயர்களை மாற்றி வைத்தால் அழைத்தவர் அழைக்கப்பட்டவர் ஆகிவிடுவார். உருபு மறைந்தால் தமிழிலும் இதே தடுமாற்றம் உண்டு. 'பூனை துரத்திய நாய்' என்று எழுதிப் பாருங்கள். துரத்தியது எது? பூனையைத் துரத்திய நாயா, பூனையால் துரத்தப்பட்ட நாயா? தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியலில் இத்தகையவற்றைத் தடுமாறு தொழிற்பெயர் என்று பெயரிட்டே பேசுகிறது. எங்கள் கட்டளைவரி ஒரு வேற்றுமைத்தொகை. உருபு தொக்கு நின்றது. விரித்துப் பொருள்கொண்ட நிரல் வேறு உருபை விரித்துக்கொண்டது.

இதை இளைஞரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அப்படியானால் உருபைப் போட்டுவிடலாம் ஐயா" என்றார். சி நிரல்களில் அதற்கு ஏற்கெனவே வழி இருக்கிறதாம். சொல்லுக்கு முன்னால் ஒரு சிறுகோடும் ஓர் எழுத்தும் இட்டு, அடுத்து வருவது இன்னது என்று அறிவிப்பது. இத்தகைய விருப்பக் குறிகளைப் பிரித்தறியும் எடுத்துக்காட்டு ரிட்சியின் நூலில் அதே பகுதியிலேயே, எக்கோவை அடுத்து வருகிறது. யூனிக்ஸ் வழி வந்த கணினிகளில் இதற்கென்றே 'கெட்ஆப்ட்' என்ற செயற்கூறு ஆயத்தமாக உள்ளது. யூனிக்ஸின் 'டிடி' என்ற பழைய கட்டளையில் உள்ளீடு எது வெளியீடு எது என்பதைப் பெயரிட்டே எழுத வேண்டும். மாறாக, கோப்புகளைக் கட்டிவைக்கும் 'டார்' கட்டளையில், கட்டு எந்தப் பெயரில் அமையவேண்டும் என்று எழுத மறந்தால், உள்ளே வைக்கவேண்டிய முதல் கோப்பின் பெயரையே கட்டின் பெயராகக் கொண்டு அதன்மேல் எழுதிவிடும். அவ்வாறு கோப்பை இழந்தவர்கள் எங்களுக்கு முன்னும் பலர் என்று அறிந்ததில் சிறு ஆறுதல்.

புதிய நிரலில் உள்ளீட்டைக் குறிக்கும் எழுத்து ஆங்கில அகரவரிசையின் ஒன்பதாம் எழுத்து. அதன் ஒலி 'ஐ'. இளைஞர் கரும்பலகையில் எழுதிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். சிறுகோடு, ஐ, பாட்டு. பாட்டை! இரண்டாம் வேற்றுமை உருபு தானாகவே வந்து நின்றது. தமிழில் உருபு பெயருக்குப் பின்னால் வரும். இங்கே முன்னால் வருகிறது. அவ்வளவுதான் வேறுபாடு. அந்த வாரத்தில் நாங்கள் மூவரும் சிரித்தது அப்போதுதான்.

வேறு மூன்று காரியங்களும் செய்தார். வெளியீட்டுக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் அதைத் திறக்க மறுக்கும்படி மாற்றினார். 2011ஆம் ஆண்டின் சி தரநிலையில் அதற்கென ஒரு திறப்புமுறை சேர்க்கப்பட்டிருக்கிறது. மூலமும் விளைவும் ஒரே பெயராக இருந்தால் நிரல் நின்றுவிடும். எண்ணிக்கை குறைந்தால் எப்படி எழுதவேண்டும் என்பதை இரண்டு வரியில் சொல்லி, தோல்விக் குறியோடு வெளியேறும்.

எண்ணிக்கை எங்களைக் காத்திருக்காது என்றோம். அதனால் எண்ண வேண்டியதில்லை என்று ஆகாது. 2022 ஜனவரியில் குவாலிஸ் என்ற நிறுவனம் வெளியிட்ட செய்தி ஒன்றை இளைஞர் எங்களிடம் எடுத்துவந்தார். லினக்ஸ் கணினிகள் பலவற்றில் உள்ள 'பிகேஎக்ஸெக்' என்ற நிரல், பயனருக்கு அனுமதி உண்டா என்று பார்த்து, நிர்வாகியின் அதிகாரத்தோடு வேறு நிரல்களை இயக்குவது. ஆர்க்சி எப்போதும் ஒன்றாவது இருக்கும் என்று அது நம்பியிருந்தது. நிரலின் பெயராவது வராமலா போகும்! ஆனால் ஒரு நிரலை இன்னொரு நிரல் இயக்கும்போது, பெயர்கூட இல்லாத வெற்று வரிசையைக் கொடுக்க முடியும். அப்போது ஆர்க்சி பூச்சியம். முதலாம் இடத்துச் சொல்லைத் தேடிப் போனால் வரிசையைத் தாண்டிவிடும்; தாண்டிய இடத்தில் சூழல்மாறிகள் என்னும் வேறொரு பட்டியல் இருக்கும். இந்தத் தடுமாற்றத்தைப் பயன்படுத்திச் சாதாரணப் பயனர் ஒருவர் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது. 2009 முதலே அந்த ஓட்டை அங்கே இருந்திருக்கிறது. அதே ஆண்டில் வந்த லினக்ஸ் கருவின் 5.18ஆம் பதிப்பு, வெற்று வரிசை வந்தால் வெறுஞ்சொல் ஒன்றையாவது அதில் வைத்துவிடும்படி செய்தது. உலகமெங்கும் வல்லுநர்கள் கையாண்ட நிரலில் 12 ஆண்டுகளுக்கு மேல் கேட்கப்படாத கேள்வியை, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எழுதிய நிரலில் கேட்கவில்லை என்றா அந்தப் பிள்ளையைக் குறை சொன்னோம்?

கோப்பை மீட்க மூன்று வாரங்கள் ஆயின. மாணவர்கள் ஒலிப்பதிவுகளை முறைவைத்துக் கேட்டுப் பாடல்களை மீண்டும் எழுதினார்கள். பாடல்கள் எல்லாம் வந்துவிட்டன. விளக்கங்களே இடித்தன. 140 சொற்களில் 74 சொற்களின் விளக்கத்தை நினைவிலிருந்தும், சில ஒலிப்பதிவுகளின் ஓரத்தில் தற்செயலாகப் பதிவான பேச்சிலிருந்தும் எழுதினோம். மிச்சத்திற்கு அந்த ஊருக்குப் போனோம். பாட்டியின் மகள் திண்ணையில் பாய் விரித்து உட்காரவைத்தார். சொற்களை ஒவ்வொன்றாகப் படித்தோம். பாதிக்கு மேல் சொன்னார். பிறகு ஒரு சொல்லில் நின்றார், அடுத்ததிலும் நின்றார்.

"அம்மா பாடுறப்ப நாங்க அழுதோம் சார். அர்த்தம் கேக்கலையே" என்றார்.

நாங்கள் கேட்டிருந்தோம். கேட்டு, எழுதி, இழந்திருந்தோம். அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று புறப்படும்போதே முடிவு செய்திருந்தோம்; சொன்னோம். நிரலையும் செயலுருபையும் விளக்கவில்லை. "நாங்கள் கவனக்குறைவாக அழித்துவிட்டோம்" என்றோம். அவர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். "அதுக்கென்ன பண்ண, எழுதினதாவது இருக்குல்ல" என்றார்.

சொல்லடைவு இப்போது முழுமையாக உள்ளது. துறையின் ஆய்வு மாணவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். 23 சொற்களுக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறது. அகராதிப் பொருளை இட்டு நிரப்பலாம் என்று ஒரு மாணவர் சொன்னார், வேண்டாம் என்றோம்.

இளைஞரிடம் ஒரே ஒரு திருத்தம் மட்டும் நாங்களாகக் கேட்டோம். வேலை முடிந்ததும் நிரல் எழுதிக் காட்டும் 'முடிந்தது' என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னோம். எடுத்துவிட்டு வேறொரு வரி எழுதினார். இப்போது ஒவ்வொரு முறை இயக்கும்போதும் திரையின் அடியில் அது வந்து நிற்கிறது: 'விளக்கம் இல்லாத சொற்கள்: 23.'